ஒன்பது உருவம், ஒரே பந்தி: தமிழில் லோகோ எழுதிப் பழக ஒரு வழிகாட்டி

"அண்ணே, கதை எழுதுறவங்க, படம் வரையுறவங்க, மெட்டுப் போடுறவங்க எல்லாரும் ஒரே இடத்துல சேர்ந்து வேலை பார்க்குற மாதிரி ஒரு வெப்சைட் ஆரம்பிக்கிறோம். லோகோ கையால எழுதின மாதிரி இருக்கணும். பக்கத்துல ரெண்டு கை குலுக்குற மாதிரி, மேல ஒரு பல்பு, அப்படி ஏதாவது..."

லெட்டரிங் பழகுகிறீர்கள் என்பது நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால் இப்படி ஓர் அழைப்பு உங்களுக்கும் வரும். கையையும் பல்பையும் சண்டை போடாமல் ஒதுக்கிவைப்பதுதான் முதல் வேலை. கூட்டுறவுச் சங்கம், டியூஷன் சென்டர், காப்பீட்டு முகவர் என்று எல்லோரும் அந்தக் கைகளைக் குலுக்கி முடித்துவிட்டார்கள். பலர் சேர்ந்து ஒன்றைச் செய்கிறார்கள் என்று சொல்லத் தனிப்படம் வேண்டியதில்லை. ஒரு சொல்லுக்குள் எழுத்துகள் எப்படி ஒன்றுக்கொன்று இடம் விடுகின்றன, எங்கே தொட்டுக்கொள்கின்றன என்பதிலேயே அதைக் காட்டிவிடலாம். தமிழ் எழுத்துக்கு அந்தத் தெம்பு உண்டு.

எழுதுவதா, வரைவதா?

மூன்று சொற்களைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். எழுத்துரு என்பது முன்பே சுட்டு அடுக்கிய செங்கல். எந்தச் சொல்லுக்கும் அதே செங்கல்தான். காலிகிராஃபி என்பது பேனாவையோ தூரிகையையோ எடுத்து ஒரே மூச்சில் எழுதுவது. லெட்டரிங் என்பது ஒரே ஒரு சொல்லுக்காக எழுத்தை வரைவது: அழித்து, திருத்தி, மேலே இன்னொரு தாளை வைத்து மறுபடி வரைந்து. நமக்கு வேண்டியது மூன்றாவது.

இதில் ஒரு நல்ல செய்தி, உங்கள் கையெழுத்து கோழிக் கிறுக்கலாக இருந்தாலும் பரவாயில்லை. பொறுமை இருந்தால் போதும். 1886-இல் கோகோ கோலாவின் பெயரை அப்படி வளைத்து எழுதிய ஃபிராங்க் ராபின்சன் அந்தத் தொழிலில் கணக்கு எழுதியவர். நம் பக்கத்தில் பார்க்க வேண்டியது என்று கேட்டால், ஓவியர் ஆதிமூலம் சிறுபத்திரிகைகளுக்கும் நூல்களுக்கும் எழுதிய தலைப்புகளைத்தான் சொல்வேன். பழைய புத்தகக் கடையில் அட்டைகளைப் புரட்டினாலே கண்ணில் படும். ஒரு கோட்டின் கனத்தை அவர் எங்கே கூட்டுகிறார், எங்கே சட்டென்று விடுகிறார் என்று விரலால் தடவிப் பாருங்கள். தேர்தல் காலத்துச் சுவர்களையும் விடாதீர்கள். சுண்ணாம்பு அடித்த சுவரில் அந்த பெயிண்டர் முதலில் எழுத்தை எண்ணி, அகலத்தைப் பிரித்து, கோடு போட்டுவிட்டுத்தான் தூரிகையைத் தொடுவார். நாமும் அதே வரிசையில்தான் போகப்போகிறோம்.

பெயரை எண்ணுங்கள்

பயிற்சிக்கு ஒரு பெயர் வேண்டும். 'கூட்டாஞ்சோறு' என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் ஆளுக்கொரு வீட்டிலிருந்து அரிசி, பருப்பு, காய் என்று கொண்டுவந்து ஒரே சட்டியில் ஆக்கித் தின்னும் விளையாட்டு. திருநெல்வேலிப் பக்கம் முருங்கைக்கீரை போட்டு ஆக்கும் சாப்பாடும் அதே பெயரில்தான். கூட்டாக ஒன்றைப் படைக்கும் தளத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இவ்வளவு பழகிய சொல்லை யாராவது முன்பே கடைப்பெயராக வைத்திருப்பார்கள்.

இப்போது எண்ணுங்கள். கூ, ட், டா, ஞ், சோ, று. எழுத்து ஆறு. ஆனால் கோட்டின் மேல் நிற்கும் உருவங்கள் எத்தனை? டா என்பது ட-வும் துணைக்காலும். சோ என்பது இரட்டைக் கொம்பு, ச, துணைக்கால். ஆக, வரிசையில் நிற்பவை ஒன்பது; தலைக்கு மேலே புள்ளிகள் இரண்டு. ஆறு பேருக்கு இலை போட்டுவிட்டு ஒன்பது பேர் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகுமோ அதுதான், எண்ணாமல் வரையத் தொடங்கும் எல்லோருக்கும் நடக்கிறது. கடைசி எழுத்து தாளின் ஓரத்தில் ஒடுங்கிப்போகும்.

எண்ணும்போதே எழுத்தின் உறவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். க-வும் ச-வும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இடப்பக்கம் இரண்டுக்கும் ஒரே வடிவம், முடிகிற விதம்தான் வேறு. அதனால் இந்தச் சொல்லின் முதல் எழுத்தும் பின்பாதியின் நடு எழுத்தும் ஒன்றையொன்று பார்த்துத் தலையாட்டும். ட இரண்டு முறை வருகிறது. துணைக்காலும் இரண்டு முறை. திரும்ப வரும் உருவங்கள்தான் சொல்லுக்குத் தாளம். அவற்றை ஒரே அச்சாக வரைந்தால் எழுத்துருபோல விறைத்துவிடும். முற்றிலும் வேறாக வரைந்தால் சிதறிவிடும். அண்ணன் தம்பி முகம்போல இருக்க வேண்டும்.

உங்களிடம் வரும் பெயர் 'கலை' என்று முடிந்தால் இன்னொரு வாய்ப்பு உண்டு. தமிழ்நாட்டில் 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வரும்வரை ணை, லை, ளை, னை நான்கையும் பெரும்பாலும் யானைத் துதிக்கைபோல மேலே வளைத்துத்தான் அச்சிட்டார்கள். அந்தத் துதிக்கை லோகோவுக்கு அழகான வளைவு. ஆனால் அது பழைய காலத்து வாசனையையும் கூட்டிக்கொண்டு வரும். தளத்துக்கு வருபவர்கள் இருபது வயதுக்காரர்கள் என்றால் அவர்களில் பலர் அதை எழுத்தாகவே படிக்க மாட்டார்கள். நான் ஒரு முறை ஆசைப்பட்டு வைத்தேன். பெயர் தெரியாத ஏதோ பூ என்று நினைத்திருக்கிறார்கள்.

பென்சிலுக்கு முன்னால் மூன்று கேள்விகள்

அழைத்தவரிடம் "உங்களுக்கு என்ன நிறம் பிடிக்கும்?" என்று கேட்காதீர்கள். அது பின்னால் வரட்டும். இந்தப் பெயர் எவ்வளவு சின்னதாகத் தெரிய வேண்டிவரும்? யார் படிக்கப்போகிறார்கள்? இந்தத் தளம் ஓர் இடமாக இருந்தால் அது எந்த இடம்: வகுப்பறையா, டீக்கடையா, கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டா? இந்த மூன்றாவது கேள்விக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்கள். ஆனால் அதில்தான் எழுத்தின் குணம் கிடைக்கும். சமையல்கட்டு என்றால் தடித்த, உருண்ட, கொஞ்சம் நெருக்கியடித்த எழுத்து. டீக்கடை என்றால் சாய்ந்து, சோம்பலாக. வகுப்பறை என்று சொல்பவர்களிடம், கையால் எழுதிய லோகோ நிஜமாகவே வேண்டுமா என்று இன்னொரு தரம் கேட்டுவிடுவது நல்லது.

நமது பயிற்சிக்குச் சமையல்கட்டு.

சாமான்கள் அதிகம் வேண்டாம். எச்பி, 2பி பென்சில்கள், அழிப்பான், அளவுகோல், ஏ4 தாள் ஒரு கட்டு, டிரேசிங் பேப்பர் பத்துப் பதினைந்து. கறுப்பு மார்க்கர் ஒன்று, பிரஷ் பேனா ஒன்று. தட்டை முனைப் பேனா இல்லாவிட்டால் இரண்டு பென்சிலைச் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். தட்டைப் பேனா எந்தத் திசையில் தடிக்கும், எங்கே மெலியும் என்பதை அந்த இரட்டைக் கோடு அப்படியே காட்டிவிடும். டேப்லெட் வைத்திருப்பவர்கள் நேராக அதில் வரையலாம், தடையில்லை. முதல் நாள் மட்டும் தாளில் வரையுங்கள் என்பேன். திரையில் எழுத்தைப் பெரிதாக்கி ஒரே வளைவை அரை மணி நேரம் சீவிக்கொண்டிருப்போம். முழுச் சொல்லும் கண்ணில் படாது.

கோடும் எலும்பும்

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவு கிடையாது. ஆனால் மூன்று தளங்கள் உண்டு. எழுத்தின் உடல் நிற்கும் நடுத்தளம், புள்ளியும் இகரச் சுழியும் ஏறும் மேல்தளம், வால்கள் இறங்கும் கீழ்த்தளம். நான் நடுத்தளத்துக்கு ஆறு பங்கு, மேலும் கீழும் மூன்று மூன்று பங்கு என்று நான்கு கோடுகள் போட்டுத் தொடங்குவேன். இது விதி இல்லை, தொடக்கம். வரைய வரைய மாறும்.

முதலில் எலும்பு மட்டும். தடிமன் இல்லாத ஒற்றைக் கோட்டில் சொல்லை இருபது முறை எழுதுங்கள். தாளுக்கு நாலு, வேகமாக. எழுத்தாணி ஓலையில் கீறியது கனம் மாறாத கோடுதானே. அந்தக் கோட்டுக்கே எழுத்து தெளிவாக இருந்தால்தான் பின்னால் எவ்வளவு சதை வைத்தாலும் நிற்கும். இருபதில் ஒன்று சாய்ந்திருக்கட்டும், ஒன்று குள்ளமாக, ஒன்று வில்போல வளைந்து, ஒன்று இரண்டு வரியாக.

வரியை உடைப்பதில் கவனம் வேண்டும். புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கக் கூடாது. கொம்பை அதன் எழுத்திலிருந்து பிரிக்கவே கூடாது. கூட்டாஞ்சோறு நமக்கு உதவுகிறது: மேலே 'கூட்டாஞ்', கீழே 'சோறு'. மேலே ஐந்து உருவம், கீழே நாலு. இன்னொரு சௌகரியமும் இருக்கிறது. இரண்டு புள்ளிகளும் மேல்வரியில் போய்விட்டதால் கீழ்வரியின் தலைக்கு மேல் எதுவும் எழும்பவில்லை. வரிகளை நெருக்கி வைக்கலாம், சட்டிக்கு மூடிபோல. வால் இறங்குவது கீழ்வரியில் று; அதற்குக் கீழே தடுக்க யாரும் இல்லை. அது இஷ்டத்துக்கு நீளலாம்.

தொட்டுக்கொள்ளும் இடங்கள்

இங்கேதான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும். இருபதில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் மேலும் டிரேசிங் பேப்பர் வைத்து, எழுத்துகள் எங்கே பக்கத்து எழுத்தின் கோட்டைக் கடன் வாங்கலாம் என்று தேடுங்கள்.

முதல் இடம் கண்ணுக்கு எதிரிலேயே இருக்கிறது: ட்டா. ட என்பது நின்று உட்கார்ந்த ஒரு மூலை; நேராக இறங்கி வலப்பக்கம் நீளும் கோடு. இரண்டு ட அடுத்தடுத்து வரும்போது அடிக்கோட்டை ஒரே கோடாக இழுத்துவிடலாம். இரண்டு பேர் ஒரே பாயில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். அந்தக் கோட்டை இன்னும் நீட்டித் துணைக்காலின் பாதம்வரை கொண்டுபோனால் மூன்று பேர் ஒரே பந்தியில். அந்த வெப்சைட் சொல்ல விரும்பும் விஷயமே அதுதான். பார்ப்பவர் இதையெல்லாம் யோசிக்க மாட்டார், யோசிக்கவும் வேண்டாம். சொல் நெருக்கமாக, சேர்ந்து இருப்பதாகத் தோன்றினால் போதும்.

ஆனால் துணைக்காலைத் தொடும்போது ஒரு பள்ளம் இருக்கிறது. துணைக்காலுக்கும் ர-வுக்கும் வித்தியாசம் அடியில் சாயும் அந்தச் சின்னக் கீற்று மட்டும்தான். அடிக்கோட்டை இழுத்துக் காலோடு இணைக்கும்போது இணைப்பு சாய்வாகப் போனால் கால் ர ஆகிவிடும். 'கூட்டரஞ்சோறு' என்று படிப்பார்கள். இணைப்பதானால் கிடைமட்டமாக, இடப்பக்கத்திலிருந்து மட்டும் வந்து சேரட்டும். காலின் வலப்பக்கத்து அடி வெறுமையாக இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் இரண்டு ட-வோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது இடம் சோ. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் ச. தமிழ் தெரியாத ஒருவருக்கு இது மூன்று தனி உருவம். நமக்கு ஒரே எழுத்து. ஆகவே இந்த மூன்றுக்கும் நடுவில் உள்ள இடைவெளி, அடுத்த எழுத்துக்கு விடும் இடைவெளியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். கொம்பின் கீழ்ச்சுழியை ச-வின் அடிக்குக் கொஞ்சம் உள்ளே நுழைத்துப் பாருங்கள். கொம்பும் காலும் அடுப்புக் கல்போல நிற்க ச நடுவில் சட்டிபோல உட்காரும் ஓர் அமைப்பு எனக்கு ஒரு முறை கிடைத்தது. கிடைத்த சந்தோஷத்தில் ச-வுக்கு மேலே ஆவியும் வரைந்தேன். மறுநாள் காலையில் பார்த்தபோது அந்த ஆவி மூன்றாவது புள்ளிபோலவும் இகரச் சுழிபோலவும் தெரிந்தது. அழித்துவிட்டேன். எழுத்தைப் பொருளாக மாற்றும் ஆசை எல்லோருக்கும் வரும். எழுத்து எழுத்தாக இருந்துகொண்டே லேசாக அதை நினைவூட்டினால் அழகு, அவ்வளவுதான்.

மூன்றாவது, புள்ளி. ட-வின் வலப்பக்கத்து மேல்மூலை காலியாகக் கிடக்கிறது. புள்ளியைத் தலைக்கு மேல் வைக்காமல் அந்தக் காலி இடத்துக்குள் இறக்கிவிட்டால் மேல்தளத்தின் உயரம் மிச்சமாகும். ஆசையைக் கிளப்பும் யோசனை. சில சொற்களில் நன்றாக நிற்கும், சிலவற்றில் ட-வுக்குள் ஏதோ கல் விழுந்ததுபோல இருக்கும். இந்தச் சொல்லில் ஒரு சிக்கல் உண்டு: ட்-டின் புள்ளியைக் கீழே இறக்கினால் ஞ்-இன் புள்ளி மட்டும் தலைக்கு மேல் தனியாக நிற்கும், ஞ-வுக்குள் அதை இறக்க இடமில்லை. இரண்டு புள்ளியும் ஒரே மட்டத்தில் மேலே நிற்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. வட்டமாக வைப்பதா, நிரப்பிய புள்ளியாகவா என்று கேட்பார்கள். பழைய கையெழுத்துப்போல வட்டம் அழகு. சின்ன அளவில் வட்டத்தின் நடு அடைந்துபோகும். நிரப்பிவிடுங்கள்.

சதை வைப்பது

எலும்பின் மேல் புதிய டிரேசிங் பேப்பர். இப்போது தடிமன். சமையல்கட்டு என்று பேசிக்கொண்டோம் அல்லவா, தடித்த கோடுதான். நடுத்தளம் ஆறு பங்கு என்றால் கோட்டின் கனம் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதல் என்று தொடங்குங்கள்.

உடனே ஞ தகராறு செய்யும். ட-வுக்குள் ஆட்டுக்குட்டியைக் கட்டலாம், அவ்வளவு இடம். ஞ-வில் வளைவுக்குள் வளைவு. இரண்டுக்கும் ஒரே கனம் கொடுத்தால் ஞ கறுப்புப் பொட்டலமாகத் தெரியும். அதனால் ஞ-வின் உள்வளைவுகளை மெலிய விட வேண்டும், உடலையும் சற்று அகலமாக்க வேண்டும். அளந்தால் வேறுபடும், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும். வட்டமான எழுத்துகளையும் கோட்டைத் தாண்டி மயிரிழை அளவு வெளியே விடுங்கள். கோட்டோடு நிறுத்தினால் ட-வுக்குப் பக்கத்தில் குட்டையாகத் தெரியும்.

இடைவெளியையும் அளவுகோலால் பார்க்காதீர்கள். இரண்டு எழுத்துக்கு நடுவில் மணல் கொட்டினால் எவ்வளவு பிடிக்கும் என்று பாருங்கள். ஒவ்வோர் இடைவெளிக்கும் ஏறக்குறைய அதே அளவு மணல் பிடிக்க வேண்டும். தாளைத் தலைகீழாகத் திருப்பினால் சொல் மறைந்து வடிவம் மட்டும் மிஞ்சும்; ஓட்டை எங்கே இருக்கிறது என்று அப்போது தெரிந்துவிடும். கண்ணை இடுக்கிப் பார்ப்பதும் பலன் தரும்.

கை போகும் வேகத்தில் வந்த சின்னச் சின்ன நடுக்கங்களை எல்லாம் இப்போதே இஸ்திரி போட்டுவிட வேண்டாம். கையால் எழுதியது என்று தெரிவது அதில்தான்.

படிக்க முடிகிறதா?

மார்க்கரால் நிரப்பி, கைப்பேசியில் படம் எடுத்து, தளத்தின் மேல்பட்டையில் வரும் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். கணக்கு எளிது. லோகோவின் மொத்த உயரம் 32 பிக்சல், ஒற்றை வரி என்றால், நம் 3-6-3 பங்கில் எழுத்தின் உடலுக்குக் கிடைப்பது 16 பிக்சல். புள்ளிக்கு மூன்று பிக்சல் தேறினால் பெரிது. அந்த மூன்று பிக்சலில்தான் ட-வா ட்-ஆ என்பது இருக்கிறது. புள்ளியைக் கண்ணுக்குச் சரி என்று படுவதைவிடக் கொஞ்சம் பெரிதாக்குங்கள், உடலிலிருந்து சற்றுத் தள்ளியும் வையுங்கள்.

மின்னஞ்சல் விளம்பரச் சேவை தரும் மெயில்சிம்ப் நிறுவனத்தின் வளைவெழுத்து லோகோவை 2013-இல் லெட்டரிங் கலைஞர் ஜெசிகா ஹிஷ் திருத்தி வரைந்ததைத் தேடிப் பாருங்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்தால்தான் வேறுபாடே தெரியும்: சின்னத் திரையிலும் எழுத்து பிரிந்து தெரியும்படி வளைவுகளைத் தெளிவாக்கியிருப்பார். அதே நிறுவனம் 2018-இல் அந்த வளைவெழுத்தையே விட்டுவிட்டு நிமிர்ந்த எழுத்துக்கு மாறியது. கையெழுத்து லோகோவுக்கும் ஓய்வு வயது உண்டுபோலும்.

அடுத்தது, ஐந்து பேரிடம் காட்டுவது. "நல்லா இருக்கா?" என்று கேட்டால் நம் ஊரில் யாரும் "இல்லை" என்று சொல்ல மாட்டார்கள். "என்ன எழுதியிருக்கு?" என்று கேளுங்கள். பெயரை முன்பே தெரிந்தவரிடம் காட்டிப் பயனில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளை கிடைத்தால் அதைவிடச் சிறந்த தேர்வாளர் கிடையாது. பெரியவர்கள் ஊகித்துப் படித்துவிடுவார்கள், பிள்ளை உள்ளதைப் படிக்கும்.

கணினிக்குள்

தாளை ஸ்கேனரில் 300 அல்லது 600 டிபிஐ துல்லியத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசிதான் என்றால் பகல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து. சாய்த்து எடுத்த படத்தில் எழுத்து ஒரு பக்கம் வீங்கும்.

இங்க்ஸ்கேப் இலவச மென்பொருள், அது போதும். படத்தைத் திறந்து 'டிரேஸ் பிட்மேப்' கொடுத்தால் ஒரே நொடியில் எழுத்தின் வெளிக்கோடு வந்துவிடும். ஆனால் நூற்றுக்கணக்கான கணுக்களோடு, அதாவது கோட்டைப் பிடித்து நிறுத்தும் புள்ளிகளோடு வரும், எதையும் பின்னால் திருத்த முடியாது. சோம்பல்படாமல் படத்தைக் கீழே வைத்து மேலே பேனாக் கருவியால் நீங்களே வரையுங்கள். வளைவின் மிக உயர்ந்த, மிகத் தாழ்ந்த, இடக்கோடி, வலக்கோடி இடங்களில் மட்டும் கணு வையுங்கள். கணுவிலிருந்து நீளும், வளைவைத் திருப்பும் கைப்பிடிகளைக் கிடையாகவோ செங்குத்தாகவோ இழுங்கள். கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால் நேராக நிற்கும். கணு குறையக் குறைய வளைவு வழுக்கிக்கொண்டு போகும். முடிந்ததும் இணைந்த எழுத்துகளை 'யூனியன்' கொடுத்து ஒரே உருவமாக்குங்கள். இல்லாவிட்டால் எங்காவது ஓர் அச்சகத்தில் உள்கோடுகள் வெளியே தெரியும்.

நிறம் இதற்கு அப்புறம்தான். கறுப்பில் நிற்காத லோகோ மஞ்சளில் நிற்கப்போவதில்லை. இரண்டு நிறத்துக்கு மேல் போகாதீர்கள்; டி-சர்ட் அச்சடிப்பவர் ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாகக் காசு கேட்பார். கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக ஒரு பிரதியும் வேண்டும், அதில் கோட்டை ஒரு துளி மெலிதாக்குங்கள். வெள்ளை எழுத்து தடித்துத் தெரியும்.

லோகோவுக்குக் கீழே ஒரு வரி வாசகம் வேண்டும் என்பார்கள். அதைக் கையால் எழுத வேண்டாம், இரண்டும் சண்டை போடும். முக்தா மலர், ஹிந்த் மதுரை மாதிரி திறந்த உரிமத்தில் கிடைக்கும் எழுத்துருவில் அடித்துவிடுங்கள். அடோபி மென்பொருளில் அடிக்கும்போது கொம்பு தன் எழுத்தை விட்டு இடம் மாறி நின்றால் பதற வேண்டாம். 'வேர்ல்ட்-ரெடி கம்போசர்' என்ற அமைப்புக்கு மாற்றினால் சரியாகிவிடும். ஆங்கிலத்திலும் பெயர் வேண்டுமென்றால், தமிழின் நடுத்தள உயரத்துக்கு ஆங்கிலச் சின்ன எழுத்தின் உயரத்தைப் பொருத்துங்கள், அதே கோட்டுக் கனத்தில். தமிழைவிடப் பெரிதாக மட்டும் வைக்காதீர்கள்.

சின்னச் சதுரம்

உலாவித் தாவலில் 16 பிக்சல் சதுரத்துக்குள் ஒன்பது உருவத்தை அடைக்க முடியாது. தனியாக ஓர் எழுத்து வேண்டும். நமக்கு 'கூ' இருக்கிறது. ஒருவரையொருவர் கூவி அழைப்பதுபோலவும் ஒலிக்கும், அதிர்ஷ்டம்தான். லோகோவிலிருந்து கூ-வை அப்படியே வெட்டி ஒட்டாதீர்கள். சதுரத்துக்காகக் கனத்தைக் கூட்டி, உள் இடைவெளிகளைத் திறந்து, புதிதாக வரையுங்கள். ஆப் வரும் என்றால் பிளே ஸ்டோருக்கு 512 பிக்சல், ஆப்பிளுக்கு 1024 பிக்சல் சதுரம் தேவைப்படும். சமூக வலைத்தளங்கள் சதுரத்தை வட்டமாக வெட்டும். மூலைகளில் எதையும் வைக்காதீர்கள்.

குழுவிடம் காட்டும்போது

கூட்டுப்படைப்புத் தளம் என்பதால் கூட்டமாக முடிவெடுப்பார்கள். வாட்ஸ்அப் குழுவில் பத்து மாதிரிகளைப் போட்டால் முதலாவதின் கூ, நாலாவதின் சோ, ஏழாவதின் நிறம் என்று கேட்பார்கள். கலந்து கொடுத்தால் உப்புமாதான். இரண்டு, மிஞ்சினால் மூன்று மாதிரி காட்டுங்கள். ஒவ்வொன்றையும் வெறும் வெள்ளைத் தாளில் காட்டாமல் தளத்தின் தலைப்பில், கைப்பேசித் திரையில், ஒரு சுவரொட்டியில் பொருத்திக் காட்டுங்கள். கருத்துகளைத் தொகுத்துச் சொல்ல ஒரே ஒருவரை நியமிக்கச் சொல்லுங்கள், வேலை தொடங்கும் முன்பே.

"ஆறு எழுத்தை ஆறு பேர் வரைஞ்சா எப்படி இருக்கும்?" என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். செய்து பார்த்திருக்கிறேன்; செய்தித்தாளில் வெட்டி ஒட்டிய மிரட்டல் கடிதம்போல வந்தது. எலும்பை ஒருவர் வரைந்து, அதன் மேல் அவரவர் சதை வைத்துப் பார்த்து, அதில் ஒன்றை எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

கைமாற்றுவது

கோப்புகள்: திரைக்கு எஸ்விஜி, பின்னணி இல்லாத பிஎன்ஜி, அச்சுக்குப் பிடிஎஃப். ஒவ்வொன்றிலும் கறுப்பு, வெள்ளை, வண்ணம், அப்புறம் அந்தக் கூ. லோகோவைச் சுற்றிக் குறைந்தது ஒரு ட அகலத்துக்கு எதுவும் வரக் கூடாது என்று ஒரு பக்கக் குறிப்பும் வைத்துவிடுங்கள்.

உரிமையை வாய்வார்த்தையில் விடாதீர்கள், நண்பர்கள் என்றாலும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 19-ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். இணையதளத்துக்கு இந்தியாவுக்குள் மட்டும் என்பது எப்படிப் பொருந்தும்? இரண்டு வரி சேர்த்து எழுதிக்கொண்டால் தீர்ந்தது. வணிகக் குறியாக (டிரேட்மார்க்) பதிய நினைத்தால், இணையம் வழியாகத் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு வகைப் பொருளுக்கோ சேவைக்கோ, 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000 ரூபாய். பதிவு பத்தாண்டு செல்லும், புதுப்பிக்கலாம். பெயரை வேறு யாராவது வைத்திருக்கிறார்களா என்று வணிகக் குறித் துறையின் தளத்திலேயே இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். அதை எலும்பு வரையும் முன்பே செய்திருக்க வேண்டும். நான் இங்கே கடைசியில் எழுதுகிறேன் என்பதற்காக நீங்களும் கடைசியில் செய்யாதீர்கள். பென்சில் தாள்களில் தேதி போட்டு எடுத்துவையுங்கள். யார் முதலில் வரைந்தது என்ற கேள்வி வந்தால் அவைதான் பேசும்.

முதல் பேனர் அச்சாகும்போது நேரில் போங்கள். என் லோகோ ஒன்று பெரிய ஃபிளெக்ஸில் வந்தபோது கடையில் உட்கார்ந்திருந்த பையன், எழுத்துக்கு மேலே ஏதோ தூசு இருக்கிறது என்று சுத்தம் செய்து கொடுத்துவிட்டான். இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. அதிலிருந்து அச்சுக்கு அனுப்பும் ஒவ்வொரு கோப்போடும் ஒரு வரி சேர்த்து அனுப்புகிறேன்: "மேலே புள்ளி இரண்டு. எண்ணிப் பார்த்துவிட்டு அடிக்கவும்."